ஆமாம், நான் சீரியல் பார்க்கிறவன்தான்

இன்பாக்ஸில் விசாரித்த எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிவாக எழுதிவிடுகிறேன். நன்றாக இருக்கிறேன். கோபமெல்லாம் இல்லை. ஒரு படத்தைப் பற்றி நான் எழுதிய பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கேலியாகப் போட்ட தம்பியை நான் பிளாக் செய்யவும் இல்லை. அவர்தான் என்னை பிளாக் செய்திருக்கிறார். கீழே யார் யார் என்னென்ன எழுதினார்கள் என்பதை என் பையனின் போனை வாங்கித்தான் பார்க்க வேண்டியிருந்தது. பெற்ற பிள்ளையிடம் போனைக் கடன் வாங்கி, ஊர் நம்மைப் பார்த்துச் சிரிப்பதைப் படிப்பதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும்.

நான் எழுதியது நாலே வரி. படம் பார்த்தேன், முதல் பாதி பரவாயில்லை, இரண்டாம் பாதியில் தூங்கிவிட்டேன், வீட்டம்மா எழுப்பியபோது பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவ்வளவுதான். படம் மோசம் என்று சொல்லவில்லை. இயக்குநரைத் திட்டவில்லை. யாரும் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவில்லை. எனக்குத் தூக்கம் வந்தது என்றேன். அதை எடுத்துப் போட்டு, மேலே "மெட்டி ஒலி பார்த்து வளர்ந்த தலைமுறையின் சினிமா ரசனை" என்று ஒரு வரி. கீழே சிரிப்பு எமோஜிகள். "சீரியல் அங்கிள்" என்று ஒருவர் பட்டமும் கொடுத்துவிட்டார்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். என் காசில் டிக்கெட் எடுத்துப் பார்த்த படம் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல நான் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

நான் விமர்சகன் இல்லை. ஒளிப்பதிவு, கலர் கிரேடிங் பற்றியெல்லாம் எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு ஷாட் வெட்டாமல் எத்தனை நிமிடம் போகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருகிற ஆளும் இல்லை. நல்ல படம் என்று நாலு பேர் சொன்னால் தியேட்டருக்குப் போவேன், மீதியெல்லாம் டிவியில். வேலை விட்டு வந்து, குளித்து, தட்டோடு உட்கார்ந்து பார்க்கிற ஜாதி. இந்த ஜாதிதான் ஐயா, எண்ணிக்கையில் அதிகம். பஸ் குலுங்குகிறது என்று சொல்ல, பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறவன் டிரைவிங் லைசென்ஸைக் காட்ட வேண்டுமா என்ன?

இந்த இடத்தில் ஒருவர் வருவார் என்று தெரியும். "சார், உங்கள் கருத்தைச் சொல்லலாம், ஆனால் ரசனையையும் கொஞ்சம் வளர்த்துக்கொள்ளுங்கள்" என்பார். மிகவும் மரியாதையாகச் சொல்வார். அந்த மரியாதைதான் எனக்கு ஆகவே ஆகாது. என் ரசனை குட்டையாக இருக்கிறது என்று அளந்து பார்த்தவர் யார்? படம் வெளியான அன்று ராத்திரியே டெலிகிராமில் இறக்கி, ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் "தமிழ் ரசிகர்களுக்கு இந்தப் படத்துக்குத் தகுதியில்லை" என்று எழுதுகிறவர்களை எனக்குத் தெரியும். பெயர் சொல்லமாட்டேன். நான் தூங்கினாலும் டிக்கெட் எடுத்துத் தூங்கினேன். இரண்டு டிக்கெட், ஆன்லைன் புக்கிங்குக்குத் தனியாக ஒரு கட்டணம், பார்க்கிங், இடைவேளையில் பாப்கார்ன் என்று எல்லாம் சேர்ந்து ஆயிரத்தைத் தொட்டது. அந்தத் தயாரிப்பாளருக்கு உங்களைவிட நான் நல்லவன்.

உடனே 'அன்பே சிவம்' என்பார்கள். இது தவறாமல் வரும். 2003-ல் உங்களைப் போன்றவர்கள் ஓடவிடாமல் செய்ததால்தானே அப்படியொரு படம் தோற்றது என்று. சரி, தோற்றது. அப்புறம் அதைத் தூக்கி நிறுத்தியது யார்? திரைப்பட விழாவா? எந்தப் பத்திரிகையாவது பிரசாரம் செய்ததா? டிவியில் போட்டான். பொங்கலுக்குப் போட்டான், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டான். விளம்பரத்துக்கு நடுவில், பாத்திரம் தேய்க்கிற சத்தத்துக்கு நடுவில், பாதியிலிருந்து பார்த்தவர்கள் மறுமுறை முதலிலிருந்து பார்த்தார்கள். அப்படித்தான் அது வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. தியேட்டரில் விட்டதை ஹாலில் பிடித்துக்கொண்டவர்கள் எங்களைப் போன்ற சும்மா பார்க்கிறவர்கள்தான். அந்தக் கணக்கை மட்டும் யாரும் எங்கள் பெயரில் எழுதமாட்டார்கள்.

இப்போது மெட்டி ஒலி சீரியலுக்கு வருகிறேன். அதைத்தானே வசையாகப் போட்டீர்கள்.

2023-ல் 'விடுதலை' படம் வந்தபோது இதே தம்பி நடிகர் சேத்தனைப் பற்றி ஒரு நீண்ட பதிவு போட்டிருந்தார். அந்த அதிகாரி வேடத்தில் என்ன ஒரு நடிப்பு, இவ்வளவு நாள் எங்கே இருந்தார் என்று. எங்கேயும் போகவில்லை தம்பி. எங்கள் வீட்டு ஹாலில்தான் இருந்தார். மெட்டி ஒலியில் சரோவின் புருஷன் மாணிக்கமாக அவர் வந்து நின்றாலே எங்கள் அம்மா டிவியைப் பார்த்து வாய்விட்டுத் திட்டுவார். அதற்கும் முன்னால் 'மர்மதேசம்' வரிசையில் 'விடாது கருப்பு' பார்த்தவர்களுக்கு அவரை இன்னும் நன்றாகத் தெரியும். நீங்கள் கண்டுபிடிப்பதற்கு இருபது வருஷத்துக்கு முன்பே சீரியல் பார்க்கிறவர்கள் அந்த நடிகரைக் கண்டுகொண்டார்கள். எங்களுக்குத்தான் ரசனை இல்லை.

நடிகர் மாரிமுத்து கதையும் இதுதான். 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' என்று இரண்டு படம் இயக்கியவர். 'பரியேறும் பெருமா'ளில் கதாநாயகியின் அப்பா. எத்தனையோ படத்தில் வந்துபோனார். அவர் பெயரை ஊர் முழுக்கச் சொல்லவைத்தது 'எதிர்நீச்சல்' சீரியலில் அவர் செய்த ஆதி குணசேகரன் வேடம். "இந்தாம்மா ஏய்" என்ற இரண்டு வார்த்தையை மீம் போட்டு மகிழ்ந்தது யார்? சீரியலே பார்க்காத உத்தமர்கள்தான். 2023 செப்டம்பரில் அந்த சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. அன்றைக்கு உங்கள் டைம்லைன் முழுக்க இரங்கல். செத்த பிறகு கலைஞன், உயிரோடு இருந்தவரை சீரியல் நடிகன்.

எம்டன் மகன் வடிவேலு, நாசர் காட்சிகளைப் பார்த்துச் சிரிக்காத ஆள் உண்டா? (படம் 'எம் மகன்' என்ற பெயரில்தான் வந்தது, யாரும் அப்படிச் சொல்வதில்லை.) 2006-ல் அதை எடுத்தவர் திருமுருகன். மெட்டி ஒலியை எடுத்த அதே திருமுருகன். அந்த அப்பாவும் மகனும் அடித்துக்கொள்கிற வீட்டை அவர் எங்கே படித்துவிட்டு வந்தார் என்று நினைக்கிறீர்கள்?

என் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்கிறேன். 2003 வாக்கில் எனக்குத் தருமபுரிக்கு மாற்றல். குடும்பம் திருச்சியில். ராத்திரி சாப்பிட்டுவிட்டு எஸ்.டி.டி. பூத்தில் போய் நிற்பேன். உள்ளே சிவப்பு எழுத்தில் மீட்டர் ஓடும். மனைவி எடுத்ததும் நலம் விசாரிப்பு அரை நிமிடம். மிச்ச நேரமெல்லாம் அன்றைய மெட்டி ஒலி கதை. சரோவோடு சேர்த்து ஐந்து பெண்களைப் பெற்ற அப்பா சிதம்பரம் இன்றைக்கு எந்தப் பெண் வீட்டு வாசலில் போய் நின்றார், எந்தச் சம்பந்தி என்ன பேசினாள் என்று. அவருக்கு ஐந்து என்றால் எங்கள் அப்பாவுக்கு மூன்று பெண்கள். என் அக்காவின் மாமியார் வீட்டில் அப்போது பிரச்சினை. அதை நேரடியாகப் போனில் பேச எங்கள் வீட்டில் யாருக்கும் வராது. அம்மா பக்கத்தில் இருப்பார், அக்காவே சில நாள் வந்து தங்கியிருப்பாள். அதனால் சரோ என்று சொல்லுவாள் மனைவி, நான் அக்கா என்று புரிந்துகொள்வேன். "சரோ மறுபடியும் திரும்பி வந்துட்டா" என்றால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் போச்சு. சீரியலில் வந்தாளா, வீட்டுக்கு வந்தாளா என்று கேட்கவேண்டியதே இல்லை, குரலிலேயே தெரியும்.

அப்பா அந்த நேரம் மட்டும் ஈஸிசேரை ஹாலுக்கு நகர்த்திப் போட்டுக்கொள்வார். பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு, பார்க்காத மாதிரி பார்ப்பார். இதைத்தான் தம்பி ஒரு வரியில் "ரசனை" என்று எழுதிவிட்டுப் போனார்.

"அதெல்லாம் அந்தக் காலம், இப்போதைய சீரியல் இழுவை" என்று ஒரு கூட்டம் காத்திருக்கிறது. ஆமாம், இழுவைதான். ஒரு அறை விழுந்தால் வீட்டில் எத்தனை பேர் உண்டோ அத்தனை முகத்துக்கும் கேமரா ஓடும், பின்னணியில் இடி இடிக்கும். எங்களுக்கு அது தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? நாங்களே சிரித்துக்கொண்டுதான் பார்க்கிறோம். அந்த நேரத்தில்தான் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வருவாள், நான் போய்த் தண்ணீர் எடுத்து வருவேன். தினமும் வருவதால் ஒன்றும் தவறிப்போகாது. வேலை செய்கிற வீட்டுக்கு ஏற்ற வேகம் அது. கோலங்கள் சீரியல் 2003-ல் தொடங்கி 2009 வரை ஓடியது. என் பையன் அதற்குள் ஆறு வகுப்பு தாண்டிவிட்டான். அதன் கதாநாயகி அபி எங்கள் வீட்டில் ஒருத்தி மாதிரி ஆகிவிட்டாள். இதே ஆட்கள் வெப் சீரிஸ் என்று ஒன்றை வெள்ளிக்கிழமை ராத்திரி ஆரம்பித்து விடியும்வரை எட்டு எபிசோடும் முடித்துவிட்டு, கண் சிவக்க ஆபீஸ் போவார்கள். கேட்டால் "ஸ்லோ பர்ன்", மெதுவாகச் சூடேறுகிற கதையாம். எங்களுடையது இழுவை, உங்களுடையது ஸ்லோ பர்ன்! நல்லா இருக்கு நியாயம்.

பெண்களை அழவைக்கிறார்கள், மாமியார் மருமகள் சண்டை, பிற்போக்கு என்கிறீர்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, நானே சில நேரம் ரிமோட்டைத் தேடுவேன். அதற்காக, பின்னாலேயே துரத்திக்கொண்டு போகிறவனை ஹீரோ என்று முப்பது வருஷம் காட்டிய சினிமாவின் ரசிகர்கள் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். எதிர்நீச்சலில் அந்த வீட்டு மருமகள்கள் ஈஸ்வரியும் நந்தினியும் ரேணுகாவும் ஜனனியும் சமையலறைக்குள் நின்று பேசிக்கொண்டதை எத்தனை படத்தில் காட்டினீர்கள்? அதோடு அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன்.

சீரியல் என்றாலே மட்டம் என்கிறவர்களுக்கு இன்னொன்று. பாலசந்தர் 'ரயில் சிநேகம்' எடுத்தார், 'கையளவு மனசு' எடுத்தார். பாலு மகேந்திரா தமிழ்ச் சிறுகதைகளை எடுத்து வாரம் ஒன்றாக 'கதை நேரம்' செய்தார். உங்கள் சுயவிவரப் படத்தில் இருப்பவரே அவர்தான் தம்பி. சின்னத்திரைக்கு வர அவர் கூச்சப்படவில்லை. பார்க்கிறவன் கூச்சப்படவேண்டும் என்று நீங்கள் சொல்கிறீர்கள்.

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். பட்டப்பெயருக்கு அழுகிற வயசு இல்லை எனக்கு. ஆனால் என் மனைவியும் முகநூலில் இருக்கிறாள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். படம் பார்த்துவிட்டு வந்தால் மூன்று நான்கு வரி எழுதுவாள். அந்தப் பெண் கட்டியிருந்த புடவை நன்றாக இருந்தது, அம்மாவாக நடித்தவர் என் அத்தை மாதிரியே இருந்தார், பாட்டு அதிகம் என்று இப்படி. அவளுடைய தோழிகள் பத்துப் பேர் வந்து பேசுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் அந்தப் பதிவுகள் ஒன்றையும் காணோம். ஏன் என்றேன். "நமக்கு எதுக்குங்க, நாளைக்கு இதையும் எடுத்துப் போட்டுச் சிரிப்பாங்க. பையன் காலேஜ்ல நாலு பேர் பார்ப்பாங்க" என்றாள். ஒன்றுவிடாமல் அழித்திருக்கிறாள்.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். புடவை நன்றாக இருந்தது என்பதும் ஒரு கருத்துதான். தூக்கம் வந்தது என்பதும் கருத்துதான். உங்கள் நாற்பது பத்தி ஆய்வுக்குப் பக்கத்தில் அதற்கும் ஒரு ஓரத்தில் இடம் உண்டு. இல்லை, சினிமா படித்தவர்கள் மட்டும்தான் சினிமாவைப் பற்றிப் பேசவேண்டும் என்றால், தியேட்டரையும் அவர்களை வைத்தே நிரப்பிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலைக் காட்சிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்ப்போம்.

தம்பி இளவயசு, போகட்டும். அந்தப் பதிவுக்குச் சிரிப்பு எமோஜி போட்டவர்களில் எங்கள் தெருக்காரர் ஒருவரும் இருக்கிறார். பெயர் வேண்டாம், அவருக்கே தெரியும். சார், ஒன்றும் கேட்கப் போவதில்லை. மெட்டி ஒலி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் உங்கள் வீட்டு டிவி பழுதாகி மெக்கானிக் கடையிலேயே கிடந்ததே, அப்போது ராத்திரி ராத்திரி குடும்பத்தோடு யார் வீட்டு ஹாலில் வந்து உட்கார்ந்திருந்தீர்கள் என்று வீட்டில் அம்மாவிடம் ஒருதரம் கேட்டுவிட்டு அப்புறம் சிரியுங்கள்.