படம் முடியட்டுமே, ஏன் விடமாட்டேன் என்கிறீர்கள்?

குழந்தை பார்க்கிற கார்ட்டூனை அதன் கடைசி நொடி வரைக்கும் ஓடவிட்டால் இந்த ஓடிடி ஆப்களுக்கு என்ன குறைந்துவிடும்? பெயர்கள் ஓட ஆரம்பித்த உடனே படம் சுருங்கி மூலைக்குப் போகிறது. ஐந்து, நான்கு, மூன்று என்று எண் இறங்குகிறது. ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் அடுத்த எபிசோட் ஆரம்பித்துவிடுகிறது. யார் கேட்டார்கள் இதை? நான் கேட்கவில்லை, என் பிள்ளையும் கேட்கவில்லை.

எல்லாக் கார்ட்டூனுக்கும் இது எரிச்சல்தான். ஆனால் கற்பனையில் மிதக்கிற குழந்தையைப் பற்றிய கார்ட்டூனுக்கு இதைச் செய்யும்போது எனக்கு ரத்தம் கொதிக்கிறது. 'பாபிஸ் வேர்ல்டு' என்று ஓர் அமெரிக்கத் தொடர், 1990-ல் 'ஃபாக்ஸ் கிட்ஸ்' என்ற குழந்தைகள் டிவி நிகழ்ச்சி வரிசையில் தொடங்கி 1998 வரை வந்தது. பாபி மூன்று சக்கர சைக்கிளில் சுற்றுகிற சின்னப் பையன். பெரியவர்கள் பேசுவதில் பாதி அவனுக்குப் புரியாது. புரியாததை விட்டுவிடவும் மாட்டான், தானே ஓர் அர்த்தம் கட்டிக்கொள்வான். யாரோ போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தையை அப்படியே நிஜமென்று நம்புவான். அதிலிருந்து அவன் தலைக்குள் ஓர் உலகமே கிளம்பும். சிரிப்பும் அங்கேதான், பயமும் அங்கேதான். குழந்தையின் பயத்தை மட்டம் தட்டாமல் சிரிக்க வைப்பது எவ்வளவு கஷ்டம்! தொடரை உருவாக்கிய நகைச்சுவை நடிகர் ஹோவி மேண்டல் அதைச் சாதித்தார். பாபிக்கும் அவன் அப்பாவுக்கும் அவரே குரல் கொடுத்தார்.

அதோடு நிற்கவில்லை. கதைக்கு முன்னும் பின்னும் ஹோவி தானே நிஜ மனிதராகத் திரையில் வருவார். கடைசியில் கார்ட்டூன் பாபியோடு உட்கார்ந்து பேசுவார். கற்பனைக்குள் போன குழந்தையைக் கைப்பிடித்து வெளியே கூட்டிவருகிற இடம் அது. முடிவையும் கதையாக நினைத்துச் செய்தார்கள் ஐயா! அப்படிப்பட்ட முடிவின் மேல் 'அடுத்த எபிசோட்' பொத்தானை ஒட்டுவதற்குப் பெயர் வசதியா?

படம் வரைந்தவர்கள், குரல் கொடுத்தவர்கள், டப்பிங் பேசியவர்கள் எல்லாருடைய பெயரும் அந்த மூலைச் சதுரத்தில் எறும்பு ஊர்வதுபோல ஓடி மறைகிறது. அதுவும் வயிற்றெரிச்சல்தான்.

ஆனால் என் பெரிய கோபம் வேறு. இந்த மாதிரிக் கார்ட்டூன் முடிந்ததும் குழந்தை ஒரு நிமிடம் சும்மா இருக்கும். பிறகு எழுந்து போகும். தலையணையைக் கப்பலாக்கும், போர்வையைக் குகையாக்கும், 'நான்தான் பாபி' என்று ஓடும். தொடரை எடுத்ததன் பலனே அந்த ஒரு நிமிடத்தில்தான் ஆரம்பிக்கிறது. அந்த நிமிடத்தைத்தான், அடுத்ததைத் தானாக ஓட்டுகிற இந்த ஆட்டோபிளே பிடுங்கிக்கொள்கிறது. குழந்தை தன் கதையைத் தொடங்குவதற்குள் இன்னொருவர் கதை வந்து கண்ணை மறைக்கிறது. புதுக் கதை பாதியில் இருக்கும்போது நான் நிறுத்தினால் அழுகை. முடியும்போது தானாக நின்றிருந்தால் அழுகைக்கு வேலையே இல்லை. கிளப்பிவிட்டது ஆப், வில்லன் ஆவது வீட்டில் இருக்கிற நாம்!

செட்டிங்ஸில் அணைத்துவிடலாமே என்பீர்கள். கணக்கைத் திறக்க வேண்டும், புரொஃபைலுக்குள் போக வேண்டும், அதற்குள் இன்னொரு பட்டியல், அதன் அடியில் ஒரு சின்னக் கட்டம். ஒரு புரொஃபைலில் அணைத்தால் அடுத்ததில் அப்படியே இருக்கிறது. சில ஆப்களில் அந்தக் கட்டமே கண்ணில் படவில்லை. குழந்தைகளுக்கென்றே தனியாக வைத்திருக்கிற புரொஃபைலில்கூட இதை முதலிலேயே போட்டு வைத்திருப்பது எந்த நியாயத்தில் சேர்த்தி?

கத்தினால் மாற்றுவார்கள் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. 2019-ல் 'தி சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூனின் பழைய எபிசோடுகளை அகலத்திரைக்காக மேலும் கீழும் வெட்டி ஓடிடியில் போட்டார்கள். சட்டகத்தின் ஓரத்தில் இருந்த நகைச்சுவையெல்லாம் காணாமல் போனது. ரசிகர்கள் விடவில்லை. 2020-ல் பழைய டிவிகளின் 4:3 வடிவத்திலேயே, வெட்டாமல் பார்க்கும் வழி வந்தது.

அதனால் நானும் விடப்போவதில்லை. குழந்தைகள் புரொஃபைலில் ஆட்டோபிளே அணைந்தே இருக்கட்டும், வேண்டுமென்கிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும். பெயர்கள் முழுத்திரையில் ஓடட்டும். ஆப்பில் புகார் எழுதுகிற இடம் இருக்கிறது, நான் எழுதிவிட்டேன். நீங்களும் எழுதுங்கள்.