தூரம் சரி, நேரம் சரியில்லை

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு ஏறக்குறைய 360 கி.மீ., அதனால் அரை மணி நேரத்தில் யாழ்ப்பாணம் போய்விடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். தூரம் சரி. ஆனால் அங்கே போவது பெரிய ஜெட் இல்லை, இறக்கைக்கு ஒரு விசிறி சுழலும் ஏடிஆர் என்ற சிறிய விமானம். வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவுதான். விமானம் மேலே ஏறவும் கீழே இறங்கவும் ஆகும் நேரத்தைச் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதுவே எங்களுக்குப் பெரிய வரம். 2019-இல் இந்தச் சேவை தொடங்கும் முன், அம்மாவைக் கூட்டிக்கொண்டு கொழும்பில் இறங்கி, அப்புறம் 400 கி.மீ. இரவு பஸ்ஸில் போனேன். விடியும்போது அவருக்குக் கால் வீங்கி செருப்பே நுழையவில்லை. போன தடவை ஜன்னலில் செம்மண்ணும் பனையும் தெரிந்ததுமே "வந்துட்டமா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.