பல்லாவரம் கற்கோடரி விவசாயிகளுடையது அல்ல

“உலகின் முதல் விவசாயி சென்னைக்காரர், பல்லாவரம் கற்கோடரியே 15 லட்சம் வருடச் சாட்சி!” வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

1863-ல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கற்கருவி கண்டெடுத்தது உண்மை. 15 லட்சம் என்ற கணக்கு திருவள்ளூர் மாவட்டத்து அகழாய்வுத் தலமான அதிரம்பாக்கத்துடையது. இரண்டுமே பழைய கற்காலம். வேட்டையாடியும் கிடைத்ததைச் சேகரித்தும் வாழ்ந்தவர்கள் குவார்ட்சைட் என்ற கடினமான கல்லை இருபுறமும் தட்டிச் செதுக்கிய கருவிகள் அவை. பயிர்த்தொழில் தொடங்கி ஏறத்தாழ 12,000 ஆண்டுகள்தான் ஆகின்றன.

சரி, கல்லை வைத்து விவசாயம் பரவிய வழியைத் தேட முடியாதா? தாராளமாக முடியும். ஆப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடியில் பேரியம், சிர்க்கோனியம் போன்ற தனிமங்களின் அளவு மலைக்கு மலை மாறும். 1964-ல் கேன், ரென்ஃப்ரூ என்ற ஆய்வாளர்கள் இருவரும் இந்த அளவுகளை வைத்துக் கருவிகளின் பிறப்பிடத்தைக் காட்டினார்கள். சைப்ரஸ் தீவில் ஆப்சிடியன் இயற்கையாகக் கிடையாது. ஆனால் அங்கே குடியேறிய ஆரம்பகால விவசாயிகளின் ஊர்களில் துருக்கியின் கொல்லு டாக் மலைக் கல் கிடைக்கிறது. கடல் கடந்து வந்த கல் அது! ஆனாலும் கல் மட்டும் போதாது. விவசாயம் வருவதற்கு முன்பே ஆப்சிடியன் கைமாறியிருக்கிறது. கருகிய தானியமும் வளர்ப்பு விலங்கின் எலும்பும் கூடவே வேண்டும்.

தென்னிந்தியாவில் அப்படி ஓர் இடம் வேண்டுமானால் கர்நாடகத்தின் பல்லாரி அருகே சங்கனகல்லுவைப் பாருங்கள். பக்கத்துக் குன்றின் டோலரைட் என்ற கரிய கடினக் கல்லில் செய்து வழவழவென்று தேய்த்த கோடரிகள், கூடவே கருகிய கொள்ளும் பாசிப்பயறும். எல்லாம் சுமார் 4,000 ஆண்டுப் பழமை.