லீஜியன்: பாட்டியோடு முடிந்துபோன படம்

2010-இல் வந்த 'லீஜியன்' படத்தை "கவனிக்கப்படாத நல்ல திகில் படம்" என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தார்கள். அவ்வளவுக்கு இல்லைங்க.

மனிதர்கள் மேல் நம்பிக்கை இழந்த கடவுள் தேவதூதர்களை அனுப்பி உலகத்தை அழிக்கப் பார்க்கிறார். தேவதூதர்களில் மிகாவேல் மட்டும் எதிர்த்து நிற்கிறார். இந்த ஒற்றை வரிக்கே டிக்கெட் எடுக்கலாம்தான். உணவகத்துக்கு ஒரு பாட்டி வரும் காட்சியும் சும்மா சொல்லக்கூடாது, அருமை. வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்து, ஈ மொய்க்கும் பச்சைக் கறியைச் சாவகாசமாகத் தின்றுகொண்டே கர்ப்பிணிப் பெண்ணிடம் "உன் பிள்ளை எரியப்போகுது" என்கிறாள். அப்புறம் ஒருவரின் கழுத்தைக் கடித்துவிட்டு விட்டத்தில் பல்லிபோல ஓடுகிறாள். ஐஸ்கிரீம் வண்டிக்காரரின் கைகால் நீள்வது இன்னொன்று. அதோடு சரி.

மற்றபடி பாலைவன உணவகத்துக்குள் ஆளாளுக்குச் சொந்தக்கதை பேசுகிறார்கள். மிகாவேலாக வரும் பால் பெட்டனி ஆரம்பத்திலேயே சிறகை அறுத்துவிட்டுத் துப்பாக்கியும் கையுமாக அலைகிறார். துப்பாக்கியால் சுட்டே சமாளிக்க முடிந்தால் எதற்கு ஐயா தேவதூதர்? மிகாவேலை எதிர்க்க வரும் தேவதூதர் காபிரியேலின் சிறகில் குண்டு துளைக்காது என்பது நல்ல யோசனை. ஆனால் அவர் வந்து சேர்வதற்குள் பொறுமை போய்விடுகிறது.

தேவதூதர் சண்டைதான் வேண்டுமென்றால் 1995-இல் வந்த 'தி பிராஃபெசி' பாருங்கள். கிறிஸ்டோபர் வாக்கன்தான் அதில் காபிரியேல். பறவைபோலக் குந்தி உட்கார்ந்து அவர் பேசுவதே போதும், வயிற்றைக் கலக்கும்.