மொண்ணக் கத்திதான் கொழந்தைக்குப் பத்தரம்னு யாருங்க சொன்னது?

எம்பொண்ணுக்கு ஆறு வயசுங்க. அவ அமுச்சி, அதாவது எங்கம்மா, பொழுதோட காய் அரிய ஒக்காந்தா இவளும் பக்கத்துல போயி ஒக்காந்துட்டு எனக்கும் கத்தி குடுன்னு ஒரே அடம். வூட்டுல எல்லாரும் சொன்னது, மொண்ணக் கத்தியாப் பாத்து குடு, கைய அறுக்காதுன்னு. நானும் நம்பி பழைய கத்தி ஒன்ன எடுத்துக் குடுத்தேன். கேரட்டுல வெச்சு அழுத்துனா எறங்கல, இன்னும் எச்சா அழுத்துனா, கேரட் உருண்டுச்சு, கத்தி வழுக்கி எடது கை வெரல்ல பட்டுருச்சு. ஆழமில்லீங்க, ஆனா அன்னைக்கு ராத்திரி பூரா எனக்கு வெசனம். தப்பு எம்பேர்லதான்.

கூர் இல்லாத கத்திக்கு பலம் வேணும், அந்த பலத்தோட வழுக்குனா நேரா வெரலுக்குத்தான் வரும். கூரான கத்தி மெதுவா இழுத்தாலே எறங்கிரும். அதனால நான் சொல்றது, சின்னதா, நெசமாவே வெட்டற கத்தியா வாங்குங்க.

மூணு நாலு வயசுன்னா பல்லு வெச்ச பிளாஸ்டிக் கத்தி போதுமுங்க, வாழப்பழம், வெள்ளரிக்கா, பன்னீர் எல்லாம் வெட்டும். கேரட், பீன்ஸுனு வந்தா அது ஆகாது. அப்ப பிளேடு மூணு நாலு இஞ்சு இருக்கோணும், முனை வட்டமா இருக்கோணும், புடி அவ கைக்குள்ள அடங்கோணும், ஈரக்கையில வழுக்கக் கூடாது. கடைக்கு கொழந்தையையும் கூட்டிட்டுப் போயி அவ கையிலயே குடுத்துப் பாருங்க, நம்ம கைக்கு நல்லா இருக்கறது அவளுக்கு கனமா இருக்கும். பிரான்ஸ்ல ஓபினெல்னு ஒரு கம்பெனி புள்ளைங்களுக்குன்னே ஒரு கத்தி செய்யறாங்க, புடிகிட்ட வெரல் நுழைக்க ஒரு வளையம் இருக்கும், கை பிளேடு பக்கம் போகாது. அதையே தேடி அலைய வேண்டாம், முனை வட்டமான சின்னக் கத்தி இங்கயே பாத்திரக்கடையில கேட்டா எடுத்துக் குடுப்பாங்க.

அருவாமணைய மட்டும் மொதல்ல குடுத்துறாதீங்க. எங்கம்மா அதுலதான் பழகுனாங்க, ஆனா அதுல அலகு நிக்கும், கைதான் அதப் பாத்துப் போகும், சித்த கவனம் பெசகுனா போச்சு.

கத்தி வாங்கறதுல பாதி வேலதானுங்க முடியும். பலகைக்கு அடியில ஈரத்துணி விரிங்க, நகராது. கேரட், உருளைய நீங்களே ரெண்டாப் பொளந்து, வெட்டுன பக்கம் கீழ இருக்கற மாதிரி வெச்சுக் குடுங்க, உருளாது. காயப் புடிக்கற கையில வெரல் நுனிய உள்ள மடக்கிக்கச் சொல்லுங்க. மேடை எட்டலைன்னா ஸ்டூல் போடுங்க, இல்ல தரையிலயே பலகை போட்டு ஒக்கார வெச்சிருங்க. கத்தி கீழ விழுந்தா புடிக்கப் போகாம பின்னால நகந்துக்கோணும்னு நான் அவளுக்கு தெனமும் சொல்றேன். கழுவற தொட்டிக்குள்ளயும் கத்தியப் போட உடறதில்ல, நொரைக்குள்ள கெடந்தா கண்ணுக்குத் தெரியாதுங்க.

இப்ப பீன்ஸ், வெள்ளரிக்கா, தக்காளியெல்லாம் அவளே அரியறா, நானோ எங்கம்மாவோ பக்கத்துலயே இருப்போம். சேனக்கெழங்கும் பூசணிக்காயும் நாந்தான், அதுக்கு இன்னும் சில வருசம் போகோணும்.