அட்டைப்படம் மட்டும் போதாது

‘இன்று கேட்டது’ என்று ஓர் இசைத்தட்டின் அட்டைப்படம். பக்கத்தில் ஒரு இதயம். அதோடு பதிவு முடிந்துவிடுகிறது. மேற்கத்தியச் செவ்வியல் இசை கேட்கும் நண்பர்களிடையே இப்படித் தினமும் எத்தனையோ பதிவுகள் வருகின்றன. அவை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நான் உயிராக நினைக்கும் ஒலிப்பதிவுகளில் பாதிக்கு மேல், யாரோ ஒருவர் ‘இதைக் கேள்’ என்று கைகாட்டியதால் எனக்குக் கிடைத்தவைதான். அந்த நன்றியோடுதான் கேட்கிறேன்: கூடவே இரண்டு வரி எழுதுங்கள். யார் வாசித்தது, எந்த ஆண்டு, உங்கள் காது எந்த இடத்தில் நின்றது.

இரண்டு வரி என்ன செய்துவிடும் என்பதற்கு என் அனுபவமே சாட்சி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பர் எழுதியிருந்தார்: “தினு லிபட்டி, பெசான்சோன் கச்சேரி, 1950. ஷோபானின் வால்ட்ஸ்களை எண்ணிக்கொண்டே கேளுங்கள்.” லிபட்டி ருமேனியப் பியானோ கலைஞர்; பெசான்சோன் பிரான்சில் ஓர் ஊர்; ஷோபானின் வால்ட்ஸ்கள் மூன்று தட்டு நடன லயத்தில் அமைந்த சிறு பியானோ படைப்புகள். அந்தப் பதிவை நான் அதற்கு முன் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எண்ணியதில்லை. அன்று எண்ணினேன். நிகழ்ச்சி நிரலில் 14 வால்ட்ஸ்கள். பதிவில் 13தான் இருக்கின்றன. கடுமையான நோயில் இருந்த லிபட்டி, செப்டம்பர் 16 அன்று அந்த மேடையில் பாஹ், மொசார்ட், ஷூபெர்ட் எல்லாம் வாசித்து முடித்து, பிறகு வால்ட்ஸ்களில் 13ஐயும் வாசித்தார். கடைசி ஒன்றுக்கு உடம்பில் தெம்பு இல்லை. அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி இறந்துபோனார். வயது 33.

தெரிந்த பிறகு கேட்டபோது என்னைத் திகைக்க வைத்தது சோகம் இல்லை. அந்த விரல்களில் நோய் எங்கேயும் கேட்கவில்லை என்பதுதான். ஒவ்வொரு சுரமும் கழுவித் துடைத்து வைத்தது போல இருக்கிறது. இடது கை அவ்வளவு லேசாக, நடனத்தின் துள்ளல் குறையாமல் போகிறது. பதின்மூன்றாவது முடிந்து கைதட்டல் அடங்கும்போது, வராமல் போன அந்த ஒன்றுக்காக என் காது காத்திருக்கிறது. அந்த நண்பர் ஒரே ஒரு வரி எழுதவில்லை என்றால் இது எனக்குக் கடைசி வரை கிடைத்திருக்காது.

பாட்டு ஒன்று, பாடுகிறவர் வேறு, அனுபவம் வேறு என்பது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயம் இல்லை. ஆனாலும் மேற்கத்திய இசைக்கு வரும்போது ‘எல்லாம் தாளில் எழுதி வைத்ததுதானே, யார் வாசித்தால் என்ன’ என்று சொல்கிறவர்களை இன்னும் பார்க்கிறேன். அவர்களிடம் கனடாவின் பியானோ கலைஞர் கிளென் கூல்டைத்தான் கொடுப்பேன். ஒரு மெட்டையும் அதன் முப்பது மாற்று வடிவங்களையும் கொண்ட பாஹின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை அவர் 1955இல் நியூயார்க்கில் ஒரு ஸ்டூடியோவில் பதிவு செய்தார். 1981இல் அதே ஸ்டூடியோவில் மறுபடியும் பதிவு செய்தார். முதலாவது ஏறக்குறைய 38 நிமிடம். இரண்டாவது 51 நிமிடம். தொடக்கத்தில் வரும் ஆரியா என்ற அந்த மெட்டை மட்டும் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்கள். இளைஞர் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார். ஐம்பதை நெருங்கியவருக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டியிருக்கிறது. அதே தாள், அதே கைகள். ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் 26 ஆண்டு உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது பதிவு வெளியான சில நாட்களில், 1982 அக்டோபரில், கூல்ட் காலமானார். ‘கோல்ட்பெர்க் கேட்டேன், அருமை’ என்று எழுதுகிறவரிடம் நான் கேட்க நினைப்பது ஒன்றுதான்: எந்தக் கூல்ட்?

‘எது தலைசிறந்த பதிவு’ என்ற சண்டையில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. பீத்தோவனின் ஐந்தாம் சிம்ஃபனி (ஆர்க்கெஸ்ட்ராவுக்கான நான்கு பகுதிப் படைப்பு) என்றதும் நடத்துநர் கார்லோஸ் கிளைபர், வியன்னா பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா, 1974 என்று பதில் வந்து விழும். எனக்கும் அது பிடிக்கும், மிகவும் பிடிக்கும். ஆனால் அந்தப் பதில் வந்ததுமே பேச்சு முடிந்துவிடுகிறது. கிளைபர் அந்த முதல் நான்கு சுரங்களை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறார், மூன்றாம் பகுதியின் இருட்டிலிருந்து நான்காம் பகுதி வெடித்துக் கிளம்பும்போது பித்தளைக் கருவிகள் எப்படி ஒலிக்கின்றன என்று யாராவது எழுதினால், பேச்சு அங்கேதான் தொடங்கும்.

அடுத்தது ஒலித்தரம் பற்றிய குறை. ‘பழைய பதிவு, இரைச்சல், கேட்க முடியவில்லை’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுமையாக இருங்கள் என்று கெஞ்சத் தோன்றுகிறது. பியானோ கலைஞர் ஆர்தர் ஷ்னாபெல் 1932 முதல் 1935 வரை பீத்தோவனின் 32 பியானோ சொனாட்டாக்களையும் (பல பகுதிகள் கொண்ட தனிப் பியானோ படைப்புகள்) பதிவு செய்தார். முழுத் தொகுதியாகப் பதிவு செய்த முதல் ஆள் அவர்தான். அப்போது இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் கொள்ளும். வெட்டி ஒட்ட டேப் கிடையாது. தவறினால் அந்தப் பக்கத்தையே மறுபடி வாசிக்க வேண்டும், அல்லது தவறோடு விட்டுவிட வேண்டும். அவற்றில் ஒன்றான ஹாமர்கிளாவியர் சொனாட்டாவின் முதல் பகுதியை, பீத்தோவன் குறித்து வைத்த மிகக் கடுமையான வேகத்தை நோக்கிப் பாய்ந்து வாசிக்கிறார் ஷ்னாபெல். சுரங்கள் சிதறுகின்றன. நிறையவே சிதறுகின்றன. பிசிறில்லாத எத்தனையோ நவீனப் பதிவுகள் என்னிடம் இருக்கின்றன. அந்தப் பாய்ச்சலின் ஆபத்து அவற்றில் இல்லை.

இன்னொன்று, நான் அடிக்கடி போக முடியாத ஒரு பதிவு. ஆஸ்திரிய இசையமைப்பாளர் மாலரின் ஒன்பதாம் சிம்ஃபனி. நடத்துநர் ப்ரூனோ வால்டர், வியன்னா பில்ஹார்மோனிக், 1938 ஜனவரி 16. அந்தச் சிம்ஃபனி இசைத்தட்டில் ஏறியது அதுவே முதல் தடவை. மாலர் மறைந்த பிறகு, 1912இல், அதை முதன்முதலில் மேடையேற்றியவரும் வால்டர்தான். இந்தக் கச்சேரி முடிந்து இரண்டு மாதத்துக்குள் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்துவிட்டது. யூதரான வால்டர் அந்த ஊரை இழந்தார். முதல் வயலினில் அமர்ந்திருந்த அர்னால்ட் ரோஸே மாலரின் தங்கை கணவர். அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த ஆர்க்கெஸ்ட்ராவின் தலைமை வயலின் அவருடையது. அவர் லண்டனுக்குத் தப்பினார். அவருடைய மகள் ஆல்மா 1944இல் ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமில் இறந்தாள்.

இதையெல்லாம் படித்துவிட்டு அழுவதற்குத் தயாராக உட்கார்ந்தால், பதிவு நம்மை ஏமாற்றும். வால்டர் இழுக்கவில்லை. இன்று பலர் 25 நிமிடம் எடுத்துக்கொள்ளும் கடைசிப் பகுதியை 18 நிமிடத்தில் முடிக்கிறார். வயலின்கள் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும் அந்தப் பழைய பாணி, நம் காதுக்குக் கர்நாடக இசையின் ஜாரு என்றே படும். நடுநடுவே அரங்கில் யாரோ இருமுகிறார்கள். அந்த இருமலை நவீனத் தொழில்நுட்பத்தால் துடைத்தெடுத்த பதிப்பு வந்தால் எனக்கு வேண்டாம். மேடையில் இருந்தவர்களுக்கும் இருக்கையில் இருந்தவர்களுக்கும் மார்ச் மாதம் என்ன வரப்போகிறது என்று அந்த நொடியில் தெரியாது. நமக்குத் தெரியும். இருமுகிற அந்த ஆள் யார் பக்கம் நின்றிருப்பார் என்ற கேள்வி என்னை விட்டதே இல்லை.

ஸ்ட்ரீமிங் செயலிகளில் என் மனத்தாங்கல் இதோடு சேர்ந்தது. ஒரு சிம்ஃபனியின் நான்கு பகுதிகளையும் நான்கு ‘பாட்டு’ ஆக்கிவிடுகிறார்கள். இசை நடத்துநர் பெயர் சில இடங்களில் பாதியில் வெட்டுப்படுகிறது. பதிவான ஆண்டைக் காணோம், மறுவெளியீட்டு ஆண்டு மட்டும் நிற்கிறது. பெயர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2007இல் ஒரு பெரிய பாடம் கிடைத்தது. ஜாய்ஸ் ஹாட்டோ என்ற பியானோ கலைஞரின் பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட குறுந்தகடுகள் வந்திருந்தன. விமர்சகர்கள் கொண்டாடினார்கள். இசையமைப்பாளர் லிஸ்ட்டின் எட்யூட்கள் (பயிற்சிப் படைப்புகள்) அடங்கிய ஒரு குறுந்தகட்டை ஒரு ரசிகர் கணினியில் போட்டபோது, மென்பொருள் அதை லாஸ்லோ சிமோன் என்பவரின் பதிவு என்று காட்டியது. ஒலி அலைகளை ஒப்பிட்டார்கள், பொருந்தின. அடுத்தடுத்து மற்றவையும் வேறு வேறு கலைஞர்களிடமிருந்து எடுத்தவை என்று தெரிந்தது. குறுந்தகடுகளை வெளியிட்ட அவருடைய கணவர் பிறகு ஒப்புக்கொண்டார். கேட்டவர்கள் ரசித்தது பொய்யில்லை. அந்தப் பாராட்டு போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய ஆட்கள் வேறு. எங்கோ ஓர் அறையில் நாட்கணக்கில் உட்கார்ந்து உழைத்த மனிதர்கள். ஒவ்வொரு முறை நாம் பெயரை விட்டுவிடும்போதும் அந்த மனிதர்களுக்குச் சின்ன அளவில் அதையேதான் செய்கிறோம்.

எண்ணிக்கையையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். ஒரே நாளில் எட்டு அட்டைப்படம் போடுகிறவர் எட்டையும் கேட்டிருக்கலாம், நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஒரே பதிவோடு ஒரு வாரம் இருந்துவிட்டு வந்து எழுதுகிறவரின் வரியில் வேறு சத்து இருக்கிறது.

சொன்னதை நானே செய்ய வேண்டும் இல்லையா. இந்த வாரம் முழுக்கக் கேட்டது:

மாலர், ‘பூமியின் பாடல்’. பாடியவர்கள் கேத்லீன் ஃபெரியர், ஜூலியஸ் பட்சாக். வியன்னா பில்ஹார்மோனிக். மறுபடியும் வால்டர்தான், போருக்குப் பின் அதே ஊருக்குத் திரும்பி வந்து, 1952 மே மாதம். ஃபெரியருக்கு அப்போது புற்றுநோய். அடுத்த ஆண்டு அக்டோபரில் போய்விட்டார். கடைசிப் பாட்டு ‘விடைபெறல்’, ஏறக்குறைய அரை மணி நேரம். அதன் கடைசிச் சொல்லுக்கு ‘என்றென்றும்’ என்று பொருள். அதையே திரும்பத் திரும்பப் பாடுகிறார், ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் மெதுவாக. காந்தாரத்திலிருந்து ரிஷபத்துக்கு இறங்குகிறது குரல். அடுத்து ஷட்ஜம் வர வேண்டும். வருவதில்லை. குரல் ரிஷபத்திலேயே நின்றுவிடுகிறது, கீழே ஆர்க்கெஸ்ட்ரா மட்டும் கரைந்துகொண்டிருக்கிறது. ஏழு நாளாக அந்த ரிஷபத்தில்தான் இருக்கிறேன்.