ஓசிச் சோடாவும் எனக்கு வந்த கோவமும்

முந்தநாள் மகளின்ர பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு ஒரு சோடாக் கொம்பனி பந்தல் காசு குடுத்து, ஓடின பிள்ளையளுக்கு ஓசியாச் சோடாவும் குடுத்தது. அதைப் பற்றி நான் போட்ட பதிவுக்குக் கீழ ஒரு அண்ணை வந்து "ஓசியாத்தானே குடுத்தவங்கள், உனக்கெங்க நோகுது" எண்டு கேட்டார். நோகுது அண்ணை. அதான் எழுதுறன்.

ஆறு வயசுப் பிள்ளை ஓடி முடிச்சு இளைக்க இளைக்க வருது, கையில ஒரு போத்தல் சோடா. எங்கட காலத்தில தோடம்பழத் துண்டு, தேசிக்காய்த் தண்ணி. கேட்டால் போத்தலில செம்மஞ்சள் வட்டமாம், சிவப்பில்லையாம். சீனி எவ்வளவு கிடக்கெண்டு நிறத்தால காட்டுற அந்த வட்டம் இலங்கையில 2016ல வந்தது. 100 மில்லிக்கு 11 கிராமுக்கு மேல சீனி இருந்தால்தான் சிவப்பு. பத்துக் கிராம் போட்டால் செம்மஞ்சள், ஆள் தப்பி! 300 மில்லிப் போத்தலில 30 கிராம், தேக்கரண்டியால அள்ளினால் ஏழெட்டு. வீட்டில தேத்தண்ணிக்கு மூண்டு கரண்டி போட்டாலே பிள்ளைக்குக் கையில அடிக்கிறம். அதே 2016ல சிலி நாட்டில சீனி கூடின சாமானில கறுப்பு எண்கோணம் ஒட்டி, அது ஒட்டின சாமான் பள்ளிக்கூடத்துக்குள்ள விக்கவே கூடாதெண்டு சட்டம் போட்டவை. எங்கட வட்டம் நிறத்தை மட்டும்தான் காட்டும்.

"தாய் தேப்பன் பாக்கவேணும்" எண்டுறியள். சரி, நான் வயலில நிக்கிறன், பிள்ளை பள்ளிக்கூடத்தில நிக்குது, வாசலில கடை, கடைக்குள்ள கொம்பனி குடுத்த பிரிட்ஜ், அதுக்குள்ள என்ன கிடக்கவேணுமெண்டு நானோ தீர்மானிக்கிறன்? அரசாங்கம் சட்டம் போடவேணும். திரும்பவும் சொல்லுறன், சட்டம் போடவேணும்.

"அப்ப பந்தல் காசு ஆர் குடுக்கிறது?" இதுக்கு என்னட்டை மறுமொழி இல்லை. பள்ளிக்கூட அதிபரும் பாவம்தான்.

என்ர அம்மாவுக்குச் சீனி வருத்தம். கிளினிக் கொப்பி மூண்டு முடிஞ்சுது, கால் பெருவிரலும் போயிட்டுது. பாக்க வாற சனம் கொண்டாறதும் பிஸ்கட் பெட்டிதான், அன்பாத்தான் கொண்டருகினம், ஆரைக் குறை சொல்லுறது. உழுத்தங்களி கிண்டித் தந்த மனுசி இண்டைக்கு அந்தப் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில தோச்சுத் திங்குது.

பிரேசிலில மொன்தெய்ரோ எண்ட பேராசிரியர், சாப்பாட்டை என்ன சத்து எண்டு மட்டும் பாக்காமல் தொழிற்சாலையில அதை என்ன பாடு படுத்துறாங்கள் எண்டு பாருங்கோ எண்டு எழுதினது 2009ல. 2009ல நாங்கள் எங்க இருந்தனாங்கள் எண்டு சொல்லத் தேவையில்லை. சண்டை முடிஞ்சு முகாமில பிஸ்கட் பைக்கற்றுக்கு வரிசையில நிண்டனான். அதைத் திண்டுதான் உயிர் தப்பினனான், மறக்கேல்ல. அண்டைக்கு வேற வழியில்லை அண்ணை. இண்டைக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணியில நெல்லு விளையுது, வளவில முருங்கை நிக்குது, பயறு கிடக்கு. பிறகும் என்ர பிள்ளையைக் கைநீட்டி வரிசையில விட்டிட்டு, ஓசிதானே எண்டுறியள்.

மகள் கொண்டந்த போத்தல் குடிக்காமல் அடுப்படித் தட்டில கிடக்கு. ரெண்டு தரம் கேட்டிட்டாள், இப்ப என்னோட கதைக்கிறேல்ல.